72 விழுக்காடு போதுமா? ஆய்வு உதவித்தொகை தேடும் ஒரு தங்கைக்கு

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் ஆனர்ஸ், அதாவது மூன்றாண்டு இளநிலைக்குப் பின் வரும் ஓராண்டுப் படிப்பு, படிக்கிறார், வயது 22. கரும்பைத் துளைக்கும் எல்டானாப் புழுவைப் பற்றிச் சிறிய ஆய்வு ஒன்று செய்துகொண்டிருக்கிறார். மூன்றாம் ஆண்டுச் சராசரி 72 விழுக்காடு. அடுத்து முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம் என்பது ஆசை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மாவின் சம்பளத்தில் வீடு நடக்கிறது. "படித்தது போதும், வேலையைத் தேடு" என்கிறார் ஆயா, அதாவது பாட்டி. என்.ஆர்.எஃப்., ரோட்ஸ், மண்டேலா ரோட்ஸ், செவனிங், காமன்வெல்த் என்று உதவித்தொகைகளின் பட்டியல் ஒன்றும் கையில் இருக்கிறது. "அக்கா, இந்த மதிப்பெண் போதுமா? ஒரே கட்டுரையை எழுதி எல்லாவற்றுக்கும் அனுப்பலாமா? எதை முதலில் தொடங்குவது?" என்பவை கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது என்.ஆர்.எஃப்., கேட்கும் குறைந்தபட்சம் 65 விழுக்காடு. அந்தக் கோட்டை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ரோட்ஸுக்கு 72 குறைவுதான். இந்நாட்டில் முதல் வகுப்பு 75இல் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும்; ஆனர்ஸ் முடிவில் அதற்கு மேலே இருந்தால் பேச்சே வேறு. தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். ஆண்டுக்காண்டு ஏறிவரும் மதிப்பெண் பட்டியலை நாங்கள் மரியாதையோடு பார்ப்போம். முதலாண்டில் 61 வாங்கியவர் மூன்றாம் ஆண்டில் 75க்கு வந்திருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பென்சிலால் ஒரு குறி போடுவோம். உங்கள் பட்டியல் அப்படியிருந்தால், அதை ஒரே ஒரு வரியில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். குடும்பக் கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு விரிக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: அனுப்பக் கூடாது. கல்யாணப் பத்திரிகை அடிப்பது போல ஒன்றையே அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் வேலை இது அல்ல. ஒவ்வொரு நிதியும் வேறொரு காரியத்துக்காக ஏற்பட்டது. யாருடைய பணம், எதற்காக ஒதுக்கினார்கள் என்பதைப் புரிந்துகொண்டு எழுதுபவருக்கும் புரியாமல் எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

என்.ஆர்.எஃப். அரசுப் பணம். 1998இல் வந்த சட்டத்தால் ஏற்பட்ட அமைப்பு. இந்நாட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் வேண்டும், அதுவும் முன்பு கதவடைக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே வயது வரம்பு உண்டு: ஆனர்ஸுக்கு 28, முதுநிலைக்கு 30, முனைவர் பட்டத்துக்கு 32. உதவியில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தருவது. மற்றொன்று முழுச் செலவையும் ஏற்பது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தாலோ, மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ, மிகச் சிறந்த மதிப்பெண் இருந்தாலோ முழுச் செலவுக்கு வழி உண்டு. உங்கள் வீட்டு நிலையில் நீங்கள் கேட்க வேண்டியது இந்த முழுச் செலவு வகையைத்தான். வருமானச் சான்றுகளை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். அப்பாவின் வேலை போன கடிதம், அம்மாவின் சம்பளச் சீட்டு, உறுதிமொழிப் பத்திரம் இவற்றையெல்லாம் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. உறுதிமொழிப் பத்திரத்துக்குக் காவல் நிலைய வரிசையில் நின்று கையொப்பம் வாங்குவதற்கே ஒரு காலைப் பொழுது போய்விடும். விதிகள் ஆண்டுதோறும் சற்று மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் இளநிலைக்குக் கிடைத்த என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் உதவி முதுநிலைக்கும் தொடரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தொடராது.

ரோட்ஸ் வேறு வகைப் பணம். வைரச் சுரங்கத்தில் சேர்த்த செல்வத்தை, 1902இல் இறந்த காலனி ஆதிக்கவாதி செசில் ரோட்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் மாணவர்களுக்கென்று உயில் எழுதி விட்டுப்போனார். அந்த உயிலிலேயே நேட்டால் காலனிக்கு என்று தனி இடம் இருந்தது. அது இன்றும் குவாசுலு-நேட்டால் ரோட்ஸ் உதவித்தொகையாகத் தொடர்கிறது. ஆனால் உயில் ஆண்களுக்கு மட்டும்தான் என்று எழுதியிருந்ததால் பெண்களுக்கு 1977 வரை கதவு திறக்கவில்லை. ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்த முதல் தென்னாப்பிரிக்க ரோட்ஸ் மாணவர் லொயிசோ நொங்சா ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது 1978இல். கணித மேதையான அவர் பின்னாளில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். "அந்த மனிதனின் பணத்தில் படிக்கலாமா?" என்ற கேள்வி உங்கள் தலைமுறைக்கு வரும், 2015 ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ரோட்ஸின் சிலையை இறக்கிய தலைமுறை உங்களுக்கு அக்கா அண்ணன்மார்தானே. என் கருத்து: வாங்குங்கள். அந்த வைரங்களைத் தோண்டியவர்களின் நாட்டுக்கு அந்தப் பணம் திரும்புவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் நேர்காணலில் இதைக் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல உங்களுக்கென்று ஒரு நிலைப்பாடு இருக்க வேண்டும், அது எதுவானாலும் சரி.

மண்டேலா ரோட்ஸ் இதன் மறுபக்கம். மண்டேலா தன் பெயரை ரோட்ஸின் பெயரோடு சேர்க்கச் சம்மதித்ததே பெரிய சங்கதி. 2005 முதல் மாணவர்களை எடுக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் குடிமக்கள், வயது 19 முதல் 29 வரை, தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸ் அல்லது முதுநிலை படிப்பதற்கு. தலைமை, நல்லிணக்கம், கல்வி, தொழில்முனைவு என்ற நான்கும் அவர்களுடைய கொள்கைகள். உங்கள் எல்டானாப் புழு எவ்வளவு முக்கியமானதானாலும் அங்கே அது இரண்டாம் இடத்தில்தான் நிற்கும்; முதலிடம் உங்களுக்கு. என்.ஆர்.எஃப். இதற்கு நேர் எதிர். அங்கே ஆய்வும் நெறியாளரும் முன்னால் நிற்க, உங்கள் ஆளுமை பின்னால் வரும். ஒரே கட்டுரை இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

செவனிங்கைப் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அவர்கள் 2,800 மணி நேர வேலை அனுபவம், ஏறத்தாழ இரண்டு ஆண்டு, கேட்கிறார்கள். அதோடு அது பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைக்கு மட்டும். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நீங்கள் போக விரும்பும் பாதை முனைவர் பட்டம் என்றால், அது உங்களுக்கான வண்டி அல்ல. 1959இல் திட்டமிடப்பட்ட காமன்வெல்த் உதவித்தொகையை முதுநிலை முடியும் தறுவாயில் பாருங்கள். உங்கள் படிப்பால் உங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அவர்களுடைய மையக் கேள்வி. கரும்பு ஆராய்ச்சிக்கு அங்கே நல்ல இடம் உண்டு. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் என்று எண்ணம் வந்தால் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் இருக்கிறது. 2000இல் தொடங்கியது, வயது வரம்பு இல்லை. உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன்: ஓப்பன்ஹைமர் நினைவு அறக்கட்டளை. 1958இலிருந்து தென்னாப்பிரிக்க மாணவர்களுக்கு உதவுகிறது. நம் பிள்ளைகள் ஏனோ அதன் பக்கம் போவதே இல்லை.

இனி எழுதும் வேலை. யார் படிக்கிறார்கள் என்பதை மனத்தில் வையுங்கள். குழுவில் ஐந்தாறு பேர் இருப்போம். ஒருவர் வேதியியல், ஒருவர் சட்டம், ஒருவர் கல்வியியல், பூச்சியியல் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கட்டுக் கோப்பு. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பது மாலை ஐந்து மணிக்கு, நாற்பதாவதாகவும் இருக்கலாம். சட்டம் படித்தவருக்குப் புரியாத முதல் பத்தி, பூச்சியியல் தெரிந்தவருக்கும் பிடிக்காது.

உங்கள் துறையிலிருந்தே காட்டுகிறேன். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், போக்கு எதுவென்று தமிழில் சொல்கிறேன். வழக்கமாக எனக்கு வருவது இப்படித் தொடங்கும்: "கரும்பு உலகின் முக்கியமான பயிர்களுள் ஒன்று. பூச்சித் தாக்குதல் விளைச்சலைக் குறைக்கிறது. சிலிக்கான் தாவரங்களின் எதிர்ப்புத் திறனை அதிகரிக்கிறது. எனவே சிலிக்கானின் விளைவுகளை ஆராய்வதே இந்த ஆய்வின் நோக்கம்." இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒரு வரிகூட உங்களுடையதும் இல்லை. பிரேசிலில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இதையே எழுதலாம்.

இதற்குப் பதில் இப்படித் தொடங்கினால்: "நேட்டால் கரையோர விவசாயிகள் கரும்பை முற்றுவதற்கு முன்பே வெட்டுகிறார்கள். காரணம் எல்டானா. வயலில் அதிக நாள் நிற்கும் கரும்பில்தான் இந்தத் துளைப்பான் பெருகும். ஆகவே புழுவுக்குப் பயந்து சர்க்கரையை இழக்கிறார்கள்." படிக்கும் சட்டப் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். பணம் எங்கே போகிறது என்பது அவருக்கு இரண்டு வரியில் புரிந்துவிட்டது. பிறகு பின்னணியைச் சொல்லுங்கள். இது வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி அல்ல. ஆப்பிரிக்காவின் சதுப்பு நிலக் கோரைகளில் வாழ்ந்தது, கரும்புக்கு மாறியது. 1939இல் உம்ஃபொலோசிப் பக்கம் ஒருமுறை கிளம்பியது, 1970 முதல் மீண்டும் வந்து தங்கிவிட்டது. இந்த மூன்று வாக்கியங்களும் உங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் எழுத மறந்துவிடுவீர்கள், "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று. குழுவில் யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்துத்தான் உண்மையான சோதனை: என்ன தெரியாது என்று சொல்வது. கால்சியம் சிலிக்கேட் இட்ட கரும்பில் எல்டானாவின் சேதம் குறைகிறது என்பதை மவுண்ட் எட்ஜ்கூம்பில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்கெனவே காட்டிவிட்டது. 1925இலிருந்து இயங்கும் நிலையம் அது. உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். நீர் பற்றாத கரும்பில் சிலிக்கான் கூடுதலாகவே உதவுகிறது என்பதும் வெளிவந்த செய்தி. எனவே "சிலிக்கான் எல்டானாவைத் தடுக்குமா?" என்று நீங்கள் இன்று கேட்டால், துறையறிந்தவர் உதட்டைப் பிதுக்குவார். உங்கள் கேள்வி அதற்கு அடுத்த படியில் நிற்க வேண்டும். எந்த இரகத்தில், எந்த மண்ணில், ஒருமுறை இட்டது மறுதாம்புப் பயிர் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது) வரை நிற்குமா, தழைச்சத்து அதிகமாக இட்ட வயலில் என்ன ஆகும்? இவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்களும் உங்கள் நெறியாளரும்.

ஒன்றைக் கவனியுங்கள். மறுதாம்பு என்று எடுத்தால் காலக் கணக்கு இடிக்கும். கரையோரத்தில் கரும்பு வெட்டுக்கு வர 12 மாதமாவது ஆகும், பெரும்பாலும் அதற்கும் மேல். முதல் பயிர் ஒன்று, மறுதாம்பு ஒன்று என்றால் இரண்டு ஆண்டு முதுநிலைக் காலம் வயலிலேயே கழிந்துவிடும். அளந்ததைக் கணக்கிட்டு எழுத நாளே இருக்காது. "ஆய்வு அட்டவணை" என்ற கட்டத்தில் இதை யோசிக்காமல் மூன்று மாதம் இலக்கியத் தேடல், ஆறு மாதம் களப்பணி என்று நிரப்புபவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் குழு உங்களைப் பிடித்துக்கொள்ளும். வழி இல்லாமல் இல்லை. ஏற்கெனவே மறுதாம்பில் இருக்கும் ஒரு சோதனை வயலில் அனுமதி கேட்கலாம். அல்லது தொட்டிச் செடிகளில் புழுவை விட்டுப் பார்க்கும் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். எதைச் செய்தாலும், "களத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது" என்று ஒரு கடிதம் இணைத்தால் அதன் எடையே தனி. முன்வரைவில் பத்துப் பக்கக் கோட்பாட்டைவிட அந்த ஒரு கடிதம் குழுவை நம்ப வைக்கும்.

"முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று நேர்காணலில் கேட்பார்கள். நல்ல கேள்வி இது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "வரும் என்று நம்புகிறேன்" என்பது பதில் அல்ல. சிலிக்கான் மறுதாம்பில் நிற்கவில்லை என்று தெரிந்தாலும் அது விவசாயிக்குப் பயன்தான், மறுபடி இட வேண்டுமா, இட்டால் செலவுக்குக் கட்டுமா என்று அவர் முடிவெடுப்பார் என்று நீங்கள் சொன்னால், அந்த ஆய்வு எந்தப் பக்கம் விழுந்தாலும் நிற்கும் ஆய்வு என்று எங்களுக்குப் புரியும்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு குறை உண்டு. பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற கூச்சம். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒரு மின்னஞ்சல்: "ஐயா, நேரம் கிடைத்தால் ஒரு கடிதம் தர முடியுமா?" அந்த அவசரத்தில் கிடைக்கும் கடிதம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன்: "இவர் என் வகுப்பில் நல்ல மாணவி, ஒழுக்கமானவர், உழைப்பாளி, மனமாரப் பரிந்துரைக்கிறேன்." இந்தக் கடிதத்தை நாங்கள் படிப்பதில்லை, புரட்டிவிடுகிறோம். இன்னொரு கடிதம்: "பயிர்வளர்ப்பு அறையின் வெப்பநிலை ஓர் இரவு கெட்டுப்போனது. மறுநாள் காலை வந்து எந்தத் தொட்டிகள் பாதிக்கப்பட்டன என்று பிரித்து, அந்தத் தரவை விலக்க வேண்டும் என்று என்னிடம் முதலில் சொன்னவர் இவர்தான்." இதைப் படித்த குழுவில் யாரும் பிறகு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசமாட்டார்கள். இப்படிப்பட்ட கடிதம் வேண்டுமானால் நீங்கள் உதவ வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்கும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த நிதி, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், கடைசி நாள் எது, அவருடைய ஆய்வகத்தில் நீங்கள் செய்த இரண்டு மூன்று காரியங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. எந்தப் பேராசிரியரும் இதற்காக நன்றியே சொல்வார். உங்களைக் கைகுலுக்கி மட்டும் அறிந்த துறைத் தலைவரைவிட, உங்களோடு தொட்டி தூக்கிய இளம் விரிவுரையாளரின் கடிதம் மேலானது. பெரிய பெயருக்காக வெற்றுக் கடிதம் வாங்காதீர்கள்.

கேள்வியின் ஓரத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், அதெல்லாம் எழுத வேண்டியதில்லை அல்லவா?" அதைத்தான் எழுத வேண்டும். மண்டேலா ரோட்ஸ் கேட்பதே அது. ஆனால் "சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்று எழுதினால் வீண். நம் ஊர்களில் வகுப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துப் பாடுவார்கள், பொருள் தெரியாது, எழுத்தும் தெரியாது. நீங்கள் போன பிறகு என்ன மாறியது? எத்தனை பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள்? பெரியவர்கள் யாராவது முணுமுணுத்தார்களா? அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? தலைமை என்று அவர்கள் சொல்வது இந்தச் சம்மதிக்க வைக்கும் வேலையைத்தான். சங்கத்துச் செயலாளர் பதவி, கோப்பை, புகைப்படம் எல்லாம் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது.

நல்லிணக்கம் என்ற இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்தது, கரும்புத் தோட்டத்தில் பாட்டன் பட்ட பாடு என்று தொடங்கும் கட்டுரைகள் இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றன. உண்மை வரலாறுதான், எனக்கும் அந்த வழிதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் நம் துயரத்தை மட்டும் நாம் பேசுகிறோம் என்று படும். பக்கத்து ஊர் ஸூலு விவசாயியின் கரும்பையும் இதே புழுதான் துளைக்கிறது. சிறு விவசாயிகளிடம் பேசியிருக்கிறீர்களா? இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன்பாவது போய்ப் பேசுங்கள். ஆய்வுக்கும் நல்லது. கப்பல் பட்டியலில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் குடும்பத்தின் பதிவைத் தேடி எடுத்து அதில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் வயதையும் வைத்துத் தொடங்குங்கள். பொதுவாக எழுதியது எடுபடாது.

நாள்காட்டி விஷயம் சுருக்கமாக. நம் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அக்டோபரில். ஆகவே இங்கே படிப்பு முடிந்து அங்கே போவதற்கு இடையில் பல மாதம் இடைவெளி விழும். அந்த மாதங்களில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தால் வீட்டுக்கும் பணம், விண்ணப்பத்துக்கும் பலம். மண்டேலா ரோட்ஸ் ஆண்டின் முற்பாதியில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான என்.ஆர்.எஃப். விண்ணப்பமும் நடு ஆண்டை ஒட்டி முடியும்; ரோட்ஸும் ஏறக்குறைய அதே பருவம். என்.ஆர்.எஃப். அறிவிப்பில் இருக்கும் கடைசி நாள் உங்களுடைய கடைசி நாள் அல்ல. பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகம் சரிபார்த்து அனுப்ப வேண்டும் என்பதால் உள் கடைசி நாள் ஒன்று அதற்கு முன்னால் இருக்கும். அதைத் தவறவிட்டு அழுதவர்களை எண்ணி முடியாது. நடு ஆண்டில் விண்ணப்பிக்கும்போது ஆனர்ஸ் மதிப்பெண்ணில் பாதிகூட வந்திருக்காது. அதனால்தான் நெறியாளரின் கடிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பவர்கள், "இடம் உறுதி, முன்பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸப்பில் வருபவர்கள் எல்லாரும் மோசடி. மேலே சொன்ன எந்த நிதியும் உதவித்தொகைக்கென்று காசு கேட்காது; பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான கட்டணம் வேறு. செயற்கை நுண்ணறிவு எந்திரத்தை வைத்துக் கட்டுரை எழுதலாமா என்று கேட்கவில்லை நீங்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரே குரலில் வரும் வழவழப்பான கட்டுரைகள் இப்போது கட்டுக்கட்டாக வருகின்றன. அவற்றின் நடுவே சற்றுக் கரடுமுரடான, ஆனால் ஒரு மனிதர் பேசும் கட்டுரை தானாகவே தனித்து நிற்கும். சில நிதிகள் இதைப் பற்றி எழுத்து மூலம் உறுதிமொழியே வாங்குகின்றன.

ஆயாவைப் பற்றி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த மாத வாடகையைப் பார்ப்பவர் அவர். "படிக்கப் போகிறேன்" என்று வாதாடுவதைவிட முழுச் செலவு உதவித்தொகை என்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும், வீட்டிலிருந்து எதுவும் கேட்க மாட்டேன் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் வேலைக்குப் போவேன், ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிப்பேன் என்றும் சொல்லுங்கள். அதுவும் பொய்யில்லை. வேலை அனுபவத்தோடு வருபவர்களைக் குழு குறைவாக நினைப்பதில்லை, சொல்லப்போனால் செவனிங்கின் கதவு அப்போதுதான் திறக்கும். முதல் முறை கிடைக்காமல் மறுமுறை வாங்கியவர்கள் நிறைய. மறுப்புக் கடிதம் வந்ததும், கருத்துச் சொல்வார்களா என்று மரியாதையாகக் கேட்டு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

கிடைத்துவிட்டால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா, வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா, பகுதிநேர வேலை செய்ய எத்தனை மணி நேரம் அனுமதி, முடிந்த பிறகு எங்கே எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற நான்கையும் அடிக்கோடிட்டு, புரியாததை நிதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது எதை முதலில் தொடங்குவது என்ற மூன்றாவது கேள்வி. நெறியாளரிடம் போய், முதுநிலைக்கும் அவரே இருப்பாரா, அடுத்த இரண்டு ஆண்டில் அவர் நீண்ட விடுப்பிலோ வேறிடத்துக்கோ போகிறாரா என்று கேளுங்கள். இதைக் கேட்காமலே விண்ணப்பித்து, உதவித்தொகை கையில் இருந்தும் நெறியாளர் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. அவர் சரி என்றால், மேலே சொன்ன முதல் பத்தியை அரைப் பக்கத்தில் எழுதி உங்கள் அறைத் தோழியிடம் கொடுங்கள். கணக்கியல் படிக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரேதான் சரியான ஆள். படித்துவிட்டு, "சரி, புழு ஏன் முற்றிய கரும்பைத் தேடுகிறது?" என்று அவர் கேட்டால் அந்த வரைவை எனக்கு அனுப்புங்கள். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை எழுதிவிட்டு அனுப்புங்கள்.